நகையும் பெருமிதமும்: மார்கரெட் ரூதர்போர்டின் திரைநடிப்பு

1. முன்னுரை

நாடகத்திலும் திரைப்படத்திலும் தலைவன் தலைவியராக வருவாரைப் பற்றி எழுந்த நூல்கள் பல. அவர்க்கு அயலாக நின்று, ஒரு சில காட்சிகளில் தோன்றி மறையும் துணைமாந்தரின் நடிப்பை ஆராய்ந்தார் சிலரே. குணச்சித்திர நடிகர் என நாம் பெயரிட்டு வழங்கும் இவர்தம் கலையைக் காண்போர் பெரிதும் விரும்புவர். திறனாய்வாளரோ இரண்டொரு புகழ்மொழி கூறிக் கடந்து செல்வர். பெரிய மாந்தரைப் பற்றிப் பேசுவதே பெரிய ஆய்வு என்னும் எண்ணம் இதற்குக் காரணம் போலும்.

ஆங்கில நாட்டுக் குணச்சித்திர நடிகையருள் தலைசிறந்தாருள் ஒருவர் மார்கரெட் ரூதர்போர்டு (1892 – 1972). 1936இல் திரைக்கு வந்து, முப்பதாண்டுகட்கு மேல் நடித்தவர். அகதா கிறித்தியின் கதைமாந்தராகிய மிஸ் மார்ப்பிளாக நான்கு படங்களில் தோன்றியமையால் உலகெங்கும் அறியப்பெற்றவர். இவரைப் பற்றிய பொதுக்கருத்து ஒன்று உண்டு. பருத்த உடலும், அசையும் தாடையும், உருளும் விழியும் உடைய ஒரு விந்தைக் கிழவி. தோன்றிய அளவிலே சிரிப்பூட்டுபவர். எல்லாப் படத்திலும் தாமாகவே வருபவர் என்பது அக்கருத்து. இக்கருத்து ஏற்கத்தக்கதா? இவர் நடிப்பால் விளையும் நகை எவ்வகைத்து? அந்நகையின் அடியில் வேறொரு மெய்ப்பாடு உளதா? இவ்வினாக்கட்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வாழ்வும் கலையும்

நடிகையின் வாழ்க்கையைச் சுருங்கக் கூறி மேற்செல்வோம். மார்கரெட் 1892 மே 11இல் இலண்டனின் பால்ஹாம் பகுதியிற் பிறந்தார். தந்தையார் வில்லியம் பென், உளநோய் வாய்ப்பட்ட நிலையில் 1883இல் தம் தந்தையையே கொன்றவர். பிராட்மூர் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டுப் பின் விடுதலை பெற்ற அவர், குடும்பப் பெயரை நீக்கி ரூதர்போர்டு என்னும் பெயரைக் கொண்டார். பழியறியாத நாட்டிற் புதுவாழ்வு தொடங்க எண்ணி மனைவியுடனும் குழந்தையுடனும் அவர் வந்து சேர்ந்த ஊர் நம் சென்னையேயாகும். அவ்வாழ்வு நிலைக்கவில்லை. கருவுற்றிருந்த தாய் சென்னையில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். மூன்று வயதுக் குழந்தை இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்று, விம்பிள்டனில் தாயின் உடன்பிறந்தாரால் வளர்க்கப்பட்டது. தந்தை மீண்டும் பிராட்மூரில் அடைக்கப்பட்டு 1921இல் இறந்தார். இவ்வுண்மைகளை நடிகை தம் வாழ்நாளில் வெளியிடாது காத்தார். அண்மைக்கால வாழ்க்கை வரலாறுகளே இவற்றை விரிவாக எடுத்துரைத்தன.

இத்தகைய வரலாற்றை அறிந்தபின் திறனாய்வாளனுக்கு ஓர் இடர் நேர்கின்றது. படைப்பிற் காணும் ஒவ்வொன்றையும் படைத்தாரின் துயரத்திற்குக் கொண்டு செல்லும் ஆசையே அவ்விடர். நகைக்கு அடியிற் கண்ணீர் என்று கூறிவிடுதல் எளிது. அஃது எந்த நகைச்சுவை நடிகர்க்கும் பொருந்துமாதலின் எதனையும் விளக்காது. ஆதலின் வாழ்க்கைச் செய்தியை ஓர் எல்லையில் நிறுத்தி, திரையிற் காணும் சான்றினையே முதன்மையாகக் கொள்வதே முறையாகும்.

கலைவாழ்வைப் பொறுத்தவரை இரு செய்திகள் இன்றியமையாதன. ஒன்று, காலந்தாழ்ந்த தொடக்கம். பியானோவும் பேச்சுக்கலையும் பயிற்றும் ஆசிரியையாக வாழ்ந்த இவர், 1925இல் தம் முப்பத்து மூன்றாம் வயதிலேயே ஓல்டு விக் நாடக அரங்கில் முதன்முதல் தோன்றினார். முதற்படத்தில் நடித்தபோது வயது நாற்பத்து நான்கு. ஆகவே இளமையழகால் பெற்று முதுமையில் இழந்த இடம் என ஒன்று இவருக்கு இல்லை. மற்றொன்று, மேடையில் இவர் பெற்ற பரப்பு. 1940இல் 'ரெபெக்கா' நாடகத்தில் டான்வர்சு என்னும் கொடிய இல்லக் காவற்பெண்ணாக இவர் நடித்தார். 1947இல் நியூயார்க்கில், ஆசுக்கார் வைல்டின் நாடகத்தில் லேடி பிராக்னெலாகத் தோன்றினார். அச்சமும் அதிகாரமும் காட்டவல்ல இந்நடிகைக்குத் திரைப்படம் அத்தகைய வேடத்தை ஏறத்தாழத் தரவேயில்லை. திரை இவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஆயினும் இவரது கலையின் ஒரு பாதியையே அது வேண்டிப் பெற்றது என்பதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

3. நகையின் நிலைக்களன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஆடலரங்கை உளங்கொண்டு தொடங்குவது. ஆதலின் அதன் பாகுபாட்டை நடிப்பாராய்ச்சிக்குப் பயன்படுத்தல் பொருத்தமுடையதே. பிறநாட்டுக் கலையை நம் இலக்கணத்துள் அடக்கிக் காட்டுதல் ஈண்டு நோக்கமன்று. அளவுகோல் ஒன்று கைக்கு அண்மையில் இருக்க, அதனைக் கொண்டு அளந்து பார்த்தல் என்னும் அளவினதே இம்முயற்சி.

நகை பிறத்தற்கு இளமை, எள்ளல், மடன், பேதைமை என நான்கு நிலைக்களன்கள் சுட்டப்பெறுகின்றன. இவற்றுட் பேதைமை, மடன் ஆகிய இரண்டும் ஒருபொருளன போலத் தோன்றும். உரையாசிரியர் இவற்றை வேறுபடுத்துவர். பேதைமையாவது அறிவின்மை. மடனாவது ஒருவர் அறிவுறுத்த ஒரு கருத்தை ஏற்று, ஏற்றதனைப் பின் எந்நிலையிலும் கைவிடாமை. முன்னது ஒன்றன் இன்மை. பின்னது ஒன்றனைப் பற்றிநிற்கும் உறுதி. இவ்வேறுபாடு நம் ஆய்வுக்குப் பெருந்துணை செய்வது.

ரூதர்போர்டு ஏற்ற மாந்தர் அறிவிலாதவர் என்று கொள்வதால் அவரைப் பேதைமைக்குரிய நடிகை என்பர். அம்மாந்தரை அணுகி நோக்கின் நிலைமை வேறு. அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கொள்கையை, ஒரு தொழிலை, ஒரு நெறியை உறுதியாகப் பற்றியவர்கள். சூழ்ந்திருப்போர் அதனைப் பொருட்படுத்தாதிருக்க, இவர்கள் மட்டும் அதனைக் கைவிடார். இங்ஙனம் பிறப்பது மடனால் விளைந்த நகையே. மேலும், மெய்ப்பாடு தன்கண் தோன்றுதலும் பிறன்கண் தோன்றுதலும் உண்டு என உரையாசிரியர் பகுத்தது ஈண்டு நோக்கத்தக்கது. இவர் நடிப்பில் நகை காண்போர்கண் நிகழ்கின்றது. நடிக்கப்பெற்ற மாந்தர்கண் நிகழ்வது நகையன்று. அது கல்வியும் தறுகண்மையும் காரணமாகப் பிறக்கும் பெருமிதமே. அவர் தம் பாத்திரத்தை நோக்கித் தாம் நகைப்பதில்லை. நம்மையும் நகைக்குமாறு வேண்டுவதில்லை. இதுவே இவரைப் பிற நகைச்சுவை நடிகரினின்று பிரிக்கும் எல்லைக்கோடு.

4. மேடம் ஆர்க்காட்டி

இக்கருத்திற்குத் தலையாய சான்று 'பிளைத் ஸ்பிரிட்' என்னும் படம். நோயல் கவர்டின் நாடகம் 1941இல் இலண்டனில் அரங்கேறியபோது ஆவிகளோடு பேசும் மேடம் ஆர்க்காட்டியாக நடித்தவர் ரூதர்போர்டு. 1945இல் டேவிட் லீன் அதனைப் படமாக்கியபோதும் அவ்வேடம் அவர்க்கே உரியதாயிற்று.

கதை எளிது. சார்லசு என்னும் எழுத்தாளர் போலி மந்திரக்காரி ஒருத்தியைப் பற்றிக் கதை எழுத விழைகின்றார். செய்தி திரட்டுவதற்காக ஆர்க்காட்டியை விருந்துக்கு அழைக்கின்றார். விருந்தினர் அனைவரும் அவளைப் போலி என்றே நம்பி உள்ளுக்குள் நகைக்கின்றனர். ஆனால் சார்லசின் இறந்த மனைவி எல்வீரா உண்மையாகவே ஆவியாக வந்துவிடுகின்றாள்.

இப்படத்தில் எள்ளப்படுபவள் ஒருத்தி. ஆயினும் மெய்யுரைத்தவளும் அவளே. கற்றவரும் நாகரிகமுடையவரும் ஒன்றுகூடி எள்ளிய தொழில் உண்மையாயிற்று. இவ்வமைப்பைத் தாங்குவது நடிகையின் பொறுப்பு. ஆர்க்காட்டியைக் கோமாளியாக நடித்திருப்பின் அவள் வெற்றி தற்செயலாகத் தோன்றும். ரூதர்போர்டு அவளைத் தொழிற்பெருமையுடைய ஒருத்தியாக நடித்தார். மிதிவண்டியில் வந்து இறங்கும் விரைவு, உண்ணத்தக்கது இன்னது தகாதது இன்னது என்று கூறும் கண்டிப்பு, அறையில் ஆவிக்கு உகந்த இடத்தைத் தேரும் கூர்மை ஆகிய அனைத்தும் மருத்துவரோ பொறியாளரோ தம் பணியைத் தொடங்கும் முறையிலேயே அமைந்துள்ளன. எல்வீரா அவ்வறையிலேயே இருக்கின்றாள் என்று பின்னர்க் கேட்டறியும் பொழுது அவர் முகத்தில் எழும் உவகை குறிப்பிடத்தக்கது. அது பிறரை வென்ற செருக்கன்று. நெடுநாள் ஆராய்ந்த ஒன்று மெய்ப்பட்டமை கண்ட மாணவியின் மகிழ்ச்சி. அவ்வொரு கணத்தில் அதுவரை அவளைக் கண்டு சிரித்த நாம் சற்று நாணுகின்றோம். நகையைப் பயந்து, பின் அந்நகைக்காக நகைத்தோரை நாணச் செய்தல் அரிய கலையன்றோ?

5. ஆசிரியையர் இருவர்

எல்லாப் படத்திலும் ஒரே நடிப்பு என்பார் கூற்றை இனி ஆராய்வோம். இதற்கு ஏற்ற சோதனை, ஒரே தொழிலுடைய இரு மாந்தரை ஒப்பிடுதல். 'தி ஹாப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்' (1950) என்னும் படத்தில் மிஸ் விட்சர்ச் என்னும் தலைமையாசிரியையாகவும், 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னெஸ்ட்' (1952) என்னும் படத்தில் மிஸ் பிரிசம் என்னும் இல்ல ஆசிரியையாகவும் இவர் நடித்தார். இரண்டிற்கும் இடையே இரண்டாண்டு இடைவெளியே உண்டு.

முதற்படத்தில் அரசு அலுவலகத்தின் பிழையால் பெண்கள் பள்ளி ஒன்று ஆண்கள் பள்ளிக் கட்டடத்திற்கு மாற்றப்படுகின்றது. அலசுட்டர் சிம் நடித்த தலைமையாசிரியரோடு இடத்திற்குப் போராடுகின்றாள் விட்சர்ச். அவள் நுழையும் அறையெல்லாம் அவளுடையதாகின்றது. மார்பை முன்தள்ளி, தாடையை உயர்த்தி, நேர்கோட்டில் நடப்பாள். எதிரே நிற்பவர் விலகுவர் என்பதில் ஐயமே கொள்ளாதவள் அவள்.

இரண்டாம் படத்திலோ அதே உடல் சுருங்கிவிடுகின்றது. பிரிசம் இருபத்தெட்டு ஆண்டுகட்கு முன், தான் எழுதிய கதையைக் குழந்தைவண்டியிலும் குழந்தையைக் கைப்பையிலும் மாற்றி வைத்துவிட்டவள். எடித் எவன்சு நடித்த லேடி பிராக்னெல் அவள் பெயரை விளித்தவுடன் தலை தாழ்கின்றது, தோள் ஒடுங்குகின்றது, அடி தளர்கின்றது. பெரிய உருவம் ஒன்று தன்னை மறைத்துக்கொள்ள இடமின்றித் தவித்தலை நாம் காண்கின்றோம். பின் அக்கைப்பை அவள்முன் வைக்கப்படுகின்றது. அவள் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பழைய கறையையும் கீறலையும் ஒவ்வொன்றாக அடையாளங் காண்கின்றாள். ஒருவன் வாழ்வையே மாற்றிய சான்று அது. அவளுக்கோ தொலைந்துபோன தன் பொருள் மீண்டு வந்ததே பெரிது. இதனைப் பேதைமை என்று சொல்லிவிடலாகாது. ஏழை ஆசிரியை ஒருத்திக்கு நல்ல கைப்பை ஒன்று எத்துணை அரியது என்பதனை அவர் விரல்கள் உணர்த்துகின்றன. வைல்டு சொல் விளையாட்டாக எழுதிய இடத்தில் ரூதர்போர்டு ஒரு வாழ்க்கையையே கண்டார்.

இவ்விரு நடிப்பும் ஒன்றெனக் கூறுவார் முகத்தை மட்டும் பார்த்தவராவர். தாடையொன்றைக் கொண்டே நடிக்கவல்லவர் என்னும் கருத்துப்பட இவரைப் புகழ்ந்தார் நாடகத் திறனாய்வாளர் கென்னத் டைனன். அப்புகழ்ச்சி உண்மையே, ஆயின் தாடை ஒரு கருவி மாத்திரமே. அதே கருவி ஒருகால் ஆணையாகவும் ஒருகால் அச்சமாகவும் பயன்படுதலை உணர்ந்தாலன்றி அப்புகழ்ச்சி முழுமை பெறாது.

6. மிஸ் மார்ப்பிள்

இவர்தம் பெரும்புகழுக்குக் காரணமான மார்ப்பிள் படங்கள் நான்கு. 'மர்டர் ஷி செட்' (1961), 'மர்டர் அட் தி கேலப்' (1963), 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்' (1964), 'மர்டர் அஹாய்' (1964) என்பன அவை. நான்கனையும் இயக்கியவர் ஜார்ஜ் பொல்லாக்கு. இவற்றுள் முதற்படமே மார்ப்பிள் கதையைத் தழுவியது. அடுத்த இரண்டும் பாய்ரோ என்னும் துப்பறிவோனின் கதைகளை மாற்றி அமைத்தவை. நான்காவதற்கு மூலநாவலே இல்லை. நூலில் இல்லாத ஸ்டிரிஞ்சர் என்னும் நண்பர் பாத்திரம் படைக்கப்பட்டு, நடிகையின் கணவராகிய ஸ்டிரிஞ்சர் டேவிசே அதனை ஏற்றார்.

நாவலாசிரியர் படைத்த மார்ப்பிள் மெலிந்த முதியவள். பின்னல் ஊசியோடு ஓரத்தில் அமர்ந்து, பிறர் பேச்சைக் கேட்டே உண்மை உணர்பவள். ரூதர்போர்டின் மார்ப்பிளோ குழிப்பந்தாடுவாள், குதிரையேறுவாள், வாட்போரும் புரிவாள். எனவே நூலுக்கு மாறானது என்னும் குற்றச்சாட்டு நியாயமானதே. இவர் இவ்வேடத்திற்குப் பொருந்துவார் என அகதா கிறித்தியும் தொடக்கத்தில் கருதவில்லை. ஆயினும் 1962இல் வெளிவந்த மார்ப்பிள் நாவலொன்றை இந்நடிகைக்கே மதிப்புடன் உரிமையாக்கினார். படத்தின்மீது குறை கண்டவர் நடிகையின்மீது மதிப்புக் கொண்டமை சிந்திக்கத்தக்கது.

முதற்படத்தை மூலத்தோடு ஒப்பிடின் ஓர் உண்மை புலனாகும். 1957இல் வெளியான நாவலில் ஓடும் தொடர்வண்டியிற் கொலையைக் காண்பவள் ஒருத்தி. பணிப்பெண்ணாகச் சென்று மனையில் உடலைத் தேடுபவள் மற்றொருத்தி. ஆராய்ந்து முடிவு காண்பவளே மார்ப்பிள். படம் இம்மூவரையும் ஒருவராக்கிற்று. இதனால் கதையின் நுண்மை குறைந்தது. ஆயின் வேறொன்று கூடியது. கண்டதைக் கூறிய முதியவளைக் காவலர் நம்பவில்லை. கனவோ கதைப்பித்தோ என்கின்றனர். கண்ட அவளே, நம்பப்படாத அவளே, கையில் துடைப்பமேந்திச் சென்று மெய்ப்பிக்க வேண்டியவளாகின்றாள். ஆர்க்காட்டியின் நிலையே ஈண்டும் அமைந்தது காண்க. கொண்டதை விடாமை என்னும் மடனும், அஞ்சாமை என்னும் தறுகண்மையும் ஒருங்கு இயைந்து நகையாகவும் பெருமிதமாகவும் விளைகின்றன. படத்தின் முடிவில் மனைத்தலைவர் மணம்பேச, அவள் பணிவோடு மறுத்து வெளியேறுகின்றாள். மணமாகாத முதியவள் இரக்கத்திற்குரியவள் என்னும் பழைய நகைச்சுவை மரபு அம்மறுப்பில் உடைபடுகின்றது.

பிந்திய மூன்று படங்களும் இவ்வளவில் நிறைவுடையன அல்ல என்பதனையும் சொல்லுதல் கடன். நடிகை எதைச் செய்தாலும் மக்கள் சிரிப்பர் என்னும் துணிவில், அவர் செய்யத்தக்க விந்தைகளை அடுக்குவதே கதையாயிற்று. நான்காம் படத்தில் மாந்தர் குறைந்து வித்தை மிகுந்தது. பாத்திரம் பற்றிநிற்கும் கொள்கை ஒன்று இல்லாத இடத்தில் இவர் நடிப்பு வெறும் முகக்குறியாகச் சுருங்குகின்றது. நம் கருத்தை எதிர்மறையால் வலியுறுத்துவது இத்தோல்வி.

7. நகைக்கு அப்பால்

இழவும் வறுமையும் அழுகைக்குரிய களங்களுள் அடங்குவன. இவற்றைத் தொடும் மூன்று நடிப்புகளைக் கூறி முடிப்போம்.

'தி ஸ்மாலஸ்ட் ஷோ ஆன் எர்த்' (1957) என்னும் படத்தில், பாழடைந்த படக்கொட்டகை ஒன்றில் நுழைவுச்சீட்டு விற்கும் முதியவளாக வருகின்றார். ஊமைப்பட நாளில் அக்கொட்டகையில் பியானோ வாசித்தவள் அவள். ஓரிரவு கொட்டகையின் முதிய ஊழியர் மூவரும் யாருமறியாது பழைய ஊமைப்படம் ஒன்றைத் தமக்குத் தாமே ஓட்டிப் பார்க்கின்றனர். அவள் திரையை நோக்கியவாறே பியானோ வாசிக்கின்றாள். கொட்டகையைப் புதிதாகப் பெற்ற இளந்தம்பதியர் மறைந்து நின்று காண்கின்றனர். பகலெல்லாம் நகைக்கு இலக்கான மூவரும் அவ்விருளில் கலைஞராகின்றனர். பியானோ ஆசிரியையாக வாழ்ந்த ஒருவர் கைகளே அங்கு வாசிக்கின்றன என்பதனை அறிந்தார்க்கு அக்காட்சி மேலும் பொருளுடையதாகும்.

'தி விஐபீஸ்' (1963) படத்தில் பிரைட்டன் சீமாட்டி என்னும் வேடம். பனிமூட்டத்தால் இலண்டன் விமான நிலையத்தில் தங்கிவிட்ட பயணியருள் அவளும் ஒருத்தி. முன்னோர் மனையைக் காக்கப் பணமின்றி, முதிய வயதில் அமெரிக்காவுக்கு வேலைக்குச் செல்கின்றாள். எலிசபெத் டெய்லரும் ரிச்சர்டு பர்ட்டனும் தலைமை வேடம் ஏற்ற இப்படத்தில், துணைவேடம் ஏற்ற இவர்க்கே சிறந்த துணைநடிகைக்கான ஆசுக்கார் பரிசு கிட்டியது. வறுமையை ஒப்புக்கொள்ளாத பெருமிதத்தை விமானப் பயணத்திற்கு அஞ்சும் நகைப்போடு கலந்து காட்டியமையே அவ்வெற்றிக்குக் காரணம்.

மூன்றாவது, ஆர்சன் வெல்சின் 'சைம்ஸ் அட் மிட்நைட்' (1965). சேக்சுபியரின் நாடகங்களைத் தொகுத்தமைத்த இப்படத்தில் விடுதித் தலைவி குவிக்லியாக வரும் இவர், இறுதியில் பால்சுடாப்பின் மறைவை எடுத்துரைக்கின்றார். மாண்டவன் நகைச்சுவையின் பேருருவம். மொழிபவளும் நகைக்குரியவளாகவே அதுவரை வந்தவள். கால்முதல் மேனோக்கிப் பரவிய தண்மையைத் தொட்டுணர்ந்த செய்தியை அவர் அழாமல் கூறுகின்றார். தாடை அசையவில்லை, விழி உருளவில்லை. இதுகாறும் நகைக்குப் பயன்பட்ட கருவிகள் அனைத்தையும் கீழே வைத்துவிட்டு, குரலொன்றால் மட்டும் இழவை உணர்த்துகின்றார். மேடை அறிந்திருந்த, திரை மறந்திருந்த அந்நடிகை ஈண்டுச் சிறிது பொழுது வெளிப்படுகின்றார்.

8. முடிவுரை

ரூதர்போர்டின் நடிப்பில் விளையும் நகை பேதைமையாற் பிறந்ததன்று. கொண்டதை விடாத மடனாற் பிறந்தது. அந்நகை காண்போர்கண் நிகழும்பொழுது பாத்திரத்தின்கண் நிகழ்வது பெருமிதமே. பற்றுதற்குரிய கொள்கை பாத்திரத்திற்கு இருந்தபோதெல்லாம் இவர் கலை உயர்ந்தது. அஃது இல்லாதபோது தாழ்ந்தது. ஒரே நடிப்பு என்னும் கூற்று விட்சர்ச்சையும் பிரிசமையும் அருகருகே வைத்தவுடன் நில்லாதொழிகின்றது.

1967இல் இவர்க்கு டேம் என்னும் உயர்சிறப்பு வழங்கப்பெற்றது. 1972 மே 22இல் எண்பதாம் வயதில் மறைந்தார். மனநலம் குலைந்தாரை உலகம் எங்ஙனம் நோக்கும் என்பதனைத் தம் இல்லத்திலேயே அறிந்தவர் இவர். விந்தை மனிதர் எனப்பட்டாரை ஒருபோதும் இழிவுபடுத்தி நடிக்காமைக்கு அவ்வறிவு காரணமோ என்று வினவலாம். துணிந்து கூறுதல் இயலாது. காரணம் எதுவாயினும் பயன் திரையில் உள்ளது. எள்ளப்பட்டார் பக்கம் நின்று நடித்த ஒரு கலைஞரின் பணி அது. சிறுவேடம் என்று நாம் கடந்து செல்லும் நடிப்புகளை மீண்டும் நோக்க வேண்டும் என்பதற்கு இவ்வொரு சான்றே அமையும்.